குப்பாயத்துக்கு மேல் ஒரு சீலை

1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் பெயரில் ஒரு விளம்பரம் வெளியாயிற்று. ராஜ விளம்பரம் என்றால் வரி, நிலம், ஊழியம் என்று ஏதாவது இருக்கும். இது பெண்களின் மேலுடுப்பைப் பற்றியது. அன்றைய ஆவணங்கள் சாணார் என்று எழுதிய நாடார் சமூகத்துப் பெண்கள் இனிமேல் என்னென்ன உடுத்தலாம் என்று அது வரிசையாகச் சொன்னது. கிறிஸ்தவ நாடார் பெண்களைப்போல எல்லா நாடார் பெண்களும் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். அல்லது கடற்கரை முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைத் தோளைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எந்த விதமாகவும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது.

இதை ஒருக்கா நிதானமா வாசிச்சுப் பாக்கணும். துணியின் தரம் சொல்லப்பட்டிருக்கிறது. கட்டும் விதம் சொல்லப்பட்டிருக்கிறது. யாரைப் பார்த்து உடுத்தலாம், யாரைப் பார்த்து உடுத்தக் கூடாது என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு தையல்காரரிடம் கொடுத்தனுப்புகிற சீட்டு மாதிரி இருக்கிறது அந்த ராஜ கட்டளை.

தோள்சீலைப் போராட்டம் என்று நாம் சொல்கிற சரித்திரத்தை இதுவரை பெரும்பாலும் மானத்தின் கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறோம். மார்பை மறைக்க உரிமை இல்லாத பெண்கள் போராடி அந்த உரிமையைப் பெற்றார்கள் என்பது மேடையில் சொல்லப்படுகிற சுருக்கம். அதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. மறைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி கிறிஸ்தவப் பெண்களுக்கு 1814லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் 45 வருஷம் அடியும் தீவைப்பும் கோர்ட்டு வழக்குமாக நடந்த சண்டை எதற்கு? மறைப்பதற்காக மட்டும் அல்ல. எப்படி மறைப்பது என்பதற்காக. இன்றைக்கு நாம் ஃபேஷன் என்று லேசாகச் சொல்லிவிடுகிற விஷயத்துக்காக.

*

அந்த நாளைய நாஞ்சில் நாட்டுச் சாலையில் ஒரு ஆள் தூரத்தில் வரும்போதே அவர் யார் என்று தெரிந்துவிட வேண்டும். தீண்டல் தூரம் கணக்கு வைத்திருந்த சமூகத்தில் அது நடைமுறைத் தேவை. பக்கத்தில் வந்தபிறகு சாதி கேட்டு என்ன பிரயோஜனம்? ஆகவே உடம்பே அடையாளச் சீட்டாக வேண்டியிருந்தது. கீழ்ச்சாதி என்று வைக்கப்பட்டவர்களின் துணி முட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு போடக் கூடாது. தங்க நகை ஆகாது. வீடு ஒரு நிலைக்கு மேல் எழும்பக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து எடுக்கக் கூடாது. இந்தப் பட்டியலை மிஷனரி சாமுவேல் மெட்டீர் 1871இல் வெளிவந்த தன் 'த லேண்ட் ஆஃப் சாரிட்டி' நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

பட்டியலில் மார்பு மட்டும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குடமும் குடையும் கூட இருக்கின்றன. இடுப்பில் குடம் வைத்து ஒரு பெண் நடந்தால் அந்த நடைக்கே ஒரு அழகு வந்துவிடும். அதைக்கூட விட்டுவைக்கவில்லை. மேலாடையை இறக்குவது மேலே உள்ளவருக்குக் காட்டும் மரியாதை என்பதால் நாயர் பெண்களும் நம்பூதிரி முன்னாலும் கோயில் விக்கிரகத்தின் முன்னாலும் இறக்கத்தான் வேண்டியிருந்தது. ஏணியின் ஒவ்வொரு படியிலும் இந்த விதி வேறு வேறு அளவில் இருந்தது. கடைசிப் படியில் நின்றவர்களுக்கு எப்போதும் மரியாதை காட்டிக்கொண்டே இருக்கிற கட்டாயம்.

உலகத்தில் வேறெங்கும் இல்லாத கொடுமை என்று இதைச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணி 1574இல் எந்த அந்தஸ்துக்காரர் எந்தத் துணியை, எந்த நிறத்தை உடுத்தலாம் என்று பிரகடனம் செய்திருந்தார். வியாபாரி மனைவி சீமாட்டி மாதிரி உடுத்திவிட்டால் பிறகு சீமாட்டிக்கு என்ன மதிப்பு என்பதுதான் அங்கேயும் கவலை. அந்தச் சட்டங்களை அவர்கள் 1604இல் கைவிட்டார்கள். திருவிதாங்கூரில் அதற்குப் பிறகும் இரண்டரை நூற்றாண்டு நீடித்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து கிழக்கே போனால் கும்பெனி ஆட்சி, இந்த ராஜ கட்டளைகள் அங்கே செல்லாது. சொந்தபந்தம் எல்லாம் கணவாய்க்கு இரண்டு பக்கமும் இருந்தன. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் வருகிற பெண்களின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமலா இருந்திருக்கும்?

*

லண்டன் மிஷன் சங்கத்தின் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். அவரை அழைத்து வந்தவர் மயிலாடிக்காரரான மகாராசன் வேதமாணிக்கம். 1809இல் அங்கே முதல் ஆலயம் எழுந்தது. 1818இல் சார்லஸ் மீட் வந்தார். 1819 டிசம்பரில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதற்கிடையில் ரெசிடெண்டாகவும் சில காலம் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 1814இல் ஓர் உத்தரவு போட்டார். மதம் மாறிய பெண்கள் மற்ற நாட்டுக் கிறிஸ்தவர்களைப்போல மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். உயர்சாதியினர் தோளில் போடும் சீலை மாதிரியே இவர்களும் போட்டால் சாதி வித்தியாசம் அழிந்துபோகும் என்று அரண்மனை சபையார் முறையிட்டார்கள். அப்போது கண்டுபிடிக்கப்பட்ட நடுவழிதான் குப்பாயம். சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஏற்கெனவே போட்டுவந்த தைத்த மேல்சட்டை. அதைப் போட்டுக்கொள்ளுங்கள், தோள்சீலை மட்டும் வேண்டாம் என்று தீர்ந்தது.

குப்பாயம் பழைய சொல். சீவக சிந்தாமணியிலேயே இருக்கிறது. அங்கே அதைப் போட்டிருப்பவன் மிலேச்சன். ஆயிரம் வருஷமாக நம் மனதில் சுற்றிக் கட்டுகிற துணி நம்முடையது, வெட்டித் தைத்த துணி அந்நியருடையது என்று ஒரு பிரிவினை இருந்திருக்கிறது. ஆகவே குப்பாயத்தை அனுமதித்தது தாராள மனசு இல்லை. அதைப் போட்டுக்கொண்ட பெண் மறைத்துக்கொள்வாள், ஆனால் பார்த்தவுடன் வெளியாள் என்று தெரிவாள். அடையாளச் சீட்டு கிழிக்கப்படவில்லை, மாற்றி எழுதப்பட்டது.

திருமதி மீட்டும் திருமதி மால்ட்டும் சேர்ந்து அரைக்கை வைத்த ஒரு தொளதொளச் சட்டையை உருவாக்கிக் கொடுத்தார்கள். ஊசியும் நூலும் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடமாயின. உடம்பின் அளவெடுத்து, துணியை வெட்டி, வளைவுக்கு மடிப்பு வைத்துத் தைக்கிற வேலையை நாஞ்சில் நாட்டுப் பெண்பிள்ளைகள் அந்த வகுப்பறையில் பழகினார்கள்.

*

மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கிய பெண்கள் பள்ளிதான் பின்னாளில் டதி பள்ளியாக வளர்ந்தது. 1821 வாக்கில் அங்கே லேஸ் பின்னல் கற்றுக்கொடுக்கப்பட்டது. எங்க பக்கத்துப் பழைய கிறிஸ்தவ வீடுகளில் ரேந்தை என்று ஒரு சொல் உண்டு. போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல், லேஸுக்குத்தான் அந்தப் பெயர்.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திணித்து இறுக்கிய கெட்டியான ஒரு தலையணை. அதன்மேல் ஓட்டை குத்திய தடித்த தாள். ஓட்டைகள்தான் வரைபடம். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குண்டூசி நிற்கும். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தலையணையிலிருந்து தொங்கும். எளிய கரைக்கு ஒன்றிரண்டு டஜன் போதும், அகலமான பூவேலைக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். கையின் அசைவு இரண்டே இரண்டுதான்: ஒன்றின் மேல் ஒன்றைத் தாண்டவைப்பது, ஒன்றோடு ஒன்றை முறுக்குவது. இந்த இரண்டிலிருந்துதான் பூவும் இலையும் வலையும் பிறக்கின்றன. விரலகலத் துண்டு பின்ன மணிக்கணக்காகும். வேர்வை பட்டால் நூல் கறுத்துப்போகும். நாகர்கோவில் சித்திரை வெயிலில் கையை உலர்வாக வைத்துக்கொண்டு வெள்ளை நூலில் வேலை செய்வது லேசில்லை.

அதே வருஷங்களில் இங்கிலாந்தில் இந்தக் கைவேலைக்கு இடி விழுந்திருந்தது. ஜான் ஹீத்கோட் 1809 வாக்கில் லேஸ் வலை நெய்யும் இயந்திரத்துக்கு காப்புரிமை வாங்கிவிட்டார். 1816இல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலையைத் தொழிலாளர் கூட்டம் அடித்து நொறுக்க, அவர் தொழிலை டெவன் மாவட்டத்து டிவெர்ட்டனுக்குக் கொண்டுபோனார். ஹானிட்டன் லேஸுக்குப் பேர்போன அதே டெவன். அங்கே கையால் பின்னுகிறவர்கள் கூலி இல்லாமல் தவித்த காலத்தில் இங்கே நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் அந்தக் கலையைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் வந்தபிறகு கைவேலைக்கு மதிப்பு கூடும் என்பது ஒரு விசித்திரம்தான். விக்டோரியா ராணி 1840இல் தன் கல்யாணத்துக்கு ஹானிட்டன் லேஸ் உடுத்தியது அந்த மோகத்தை ஏற்றிவிட்டது.

நாகர்கோவில் லேஸை வாங்கியவர்கள் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் இருந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகள். அவர்கள் கழுத்துப்பட்டியிலும் கைமுனையிலும் அது போய் உட்கார்ந்தது. விற்ற காசில் பள்ளி நடந்தது. பின்னிய பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர்களும் இருந்தார்கள். லேஸில் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தங்களையே விலைக்கு வாங்கி விடுதலை ஆனவர்கள் உண்டு என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். அதற்கு முன்னால் நடந்த கணக்கு இது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். லேஸும் எலைசாவோடு கணவாய் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குப் போனது. நெய்யூரில் எம்பிராய்டரி வளர்ந்தது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலிருந்து 1897இல் முளகுமூட்டுக்கு வந்த மரீ லூயிஸ் தெ மீஸ்டர் அம்மையாரின் கன்னியர் மடத்திலும் ஊசிவேலை பேர் வாங்கியது.

இந்தப் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். வகுப்பறையில் அவர்கள் கையிலிருந்து பிறப்பது உலகத்தின் மிக நுட்பமான அலங்காரத் துணிகளில் ஒன்று. எது அழகு, எது கோணல், எந்த இடத்தில் பூ அடர வேண்டும், எந்த இடத்தில் வெளி விட வேண்டும் என்று கண் பழகிவிட்டது. சாயந்திரம் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தால் அதே பிள்ளையின் தோளில் எந்தத் துணி கிடக்கலாம் என்று தீர்மானிப்பது வேறொருவர். அழகு பார்க்கப் பழகிய கண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டா போக முடியும்?

*

பெண்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் சரித்திரத்தின் சுவாரசியம் இருக்கிறது. அவர்கள் குப்பாயத்தை மறுக்கவில்லை. போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொண்டு அதற்கு மேலே தோள்சீலையையும் போட்டார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1968இல் இந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைச் சொல்கிறார். மானம்தான் பிரச்சினை என்றால் குப்பாயத்தோடு முடிந்திருக்க வேண்டும். உடம்பு மறைந்துவிட்டதே, பிறகு எதற்கு மேலே இன்னொரு துணி? தேவைக்கு மேலே ஒரு துணி. அந்த 'மேலே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலங்காரம் என்பதே தேவைக்கு மேலே உள்ளதுதான். தைத்த சட்டை பள்ளிக்கூடம் கொடுத்தது. மேலே போட்ட சீலை அவர்களாகத் தேர்ந்தது. மடிப்பு எப்படி விழ வேண்டும், முனை எந்தத் தோளில் நிற்க வேண்டும் என்று கண்ணாடி இல்லாத வீட்டிலும் ஒருத்தி மற்றவளைப் பார்த்துச் சரிசெய்திருப்பாள்.

எதிரே நின்றவர்களுக்கும் அது சரியாகப் புரிந்தது. 1822 மே மாதம் கல்குளம், இரணியல் பகுதிகளில் பெண்கள் பொது இடங்களில் தாக்கப்பட்டார்கள். மேல்துணி உருவப்பட்டது, கிழிக்கப்பட்டது. சந்தை தோதான இடம், ஏனென்றால் உடுத்தி வருகிற இடமும் நாலு பேர் பார்க்கிற இடமும் அதுதான். மீட் புகார் செய்தார். 1823இல் பத்மநாபபுரம் கோர்ட்டு கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. 1827இல் மறுபடியும் மோதல் தொடங்கியது. ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1829 பிப்ரவரி 3ஆம் தேதி ராணி கௌரி பார்வதி பாயின் விளம்பரம் வந்தது: நாடார் பெண்கள் தோள்சீலை போடுவது நியாயம் இல்லை, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளட்டும். 15 வருஷத்துக்குப் பிறகும் அதே இடம். சட்டை சரி, சீலை கூடாது.

இந்த இடத்தில் முலைவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆணுக்குத் தலைக்கரம், பெண்ணுக்கு முலைக்கரம் என்று கீழ்ச்சாதிகள்மேல் ஆள்வரி இருந்தது. அது வரி. உடைக்கட்டுப்பாடு வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, வரி கட்டினால் மறைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததுபோல இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படிச் சொன்னால் கதைக்குக் காரம் கூடும், ஆனால் காசு கொடுத்தால் போடலாம் என்று ஆகிவிடும். உண்மையில் எந்தக் காசுக்கும் அந்தச் சீலை கிடைக்காது என்பதுதான் நிலைமை.

*

இதே காலத்தில் சாமித்தோப்பில் இன்னொன்று நடந்தது. 1809இல் பிறந்து 1851இல் மறைந்த அய்யா வைகுண்டர், தன்னிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். தலைப்பாகை அதுவரை மேலே உள்ளவர்களின் அடையாளம். கீழே உள்ளவன் தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதைக் கடவுள் முன்னாலேயே கட்டிக்கொண்டு நில் என்றார். இன்றைக்கும் அய்யாவழிப் பதிகளில் ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். பள்ளியறையில் விக்கிரகம் கிடையாது. கண்ணாடி இருக்கிறது. போய் நின்றால் தெரிவது தலைப்பாகை கட்டிய தன் முகம்தான். மிஷன் பள்ளிக்கூடத்துக்கும் சாமித்தோப்புக்கும் ஒத்துப்போகாத விஷயங்கள் எத்தனையோ. ஆனால் ஒரு மனுஷன் தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறான் என்பது சின்ன விஷயம் இல்லை என்பதில் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தன.

1858 கடைசியில் மோதல் மூன்றாம் முறை வெடித்து, கோட்டாறு வரை வந்தது. பழைய வழக்கத்தை மீறக் கூடாது என்று திவான் மாதவ ராவ் டிசம்பரில் எச்சரித்தார். 1859இல் சென்னை கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் ரெசிடெண்ட் கல்லனுக்குக் கடுமையாக எழுதினார். அதற்குப் பிறகுதான் ஜூலை 26 விளம்பரம். இந்து நாடார் பெண்களுக்கும் சேர்த்து மறைக்கும் உரிமை வந்தது. அது பெரிய வெற்றி, சந்தேகம் இல்லை. ஆனால் முரட்டுத் துணி என்றும் மேல்சாதி மாதிரி கூடாது என்றும் எழுதியிருந்தது. மெல்லிய துணி ஆகாது. கரை வைத்த நேரியது ஆகாது. வடசேரியிலும் இரணியலிலும் தறிகள் ஓடிக்கொண்டிருந்த நாடு இது. பக்கத்துத் தெருவில் நெய்கிற துணியைக் கைநீட்டி வாங்கித் தோளில் போட ராஜா கட்டளை குறுக்கே நின்றது.

14 வருஷம் கழித்து, 1873இல், கிளிமானூரின் இளைஞர் ரவி வர்மா வரைந்த ஓர் ஓவியம் வியன்னா கண்காட்சியில் பரிசு வாங்கியது. நாயர் பெண் ஒருத்தி தலைமுடியில் பூச்சூடி அலங்கரித்துக்கொள்கிற படம். தன்னை அலங்கரித்துக்கொள்கிற பெண், திருவிதாங்கூரிலிருந்து உலகத்துக்குப் போன ஒரு கலைப்பொருளாக ஆகிவிட்டாள். அந்த அலங்காரத்தில் தவறு காண ஒன்றுமில்லை. அதே ராஜ்ஜியத்தில் யாருடைய அலங்காரம் கலை, யாருடைய அலங்காரம் கலகம் என்பது மட்டும் ஜாதகத்தில் எழுதியிருந்தது.

உடையின் சண்டை நாடார்களோடு முடியவும் இல்லை. 1915இல் கொல்லம் பக்கத்தில் பெரிநாட்டில் கலவரம் நடந்தது. புலையப் பெண்கள் கழுத்தில் கல்லுமாலை மட்டும்தான் போட வேண்டும் என்பது கட்டாயம். அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் பெண்கள் அந்தக் கல்லுமாலைகளை அறுத்துக் குவித்தார்கள். சீலையைப் போடுவதற்கு ஒரு சண்டை, மாலையைக் கழற்றுவதற்கு ஒரு சண்டை. இரண்டும் ஒன்றுதான். எதைப் போடுவது, எதைக் கழற்றுவது என்பது என் தீர்மானம்.

*

இந்தக் கதையை மானத்தின் கதையாக மட்டும் சொன்னால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு.

மத்தியப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடையின் சமூக வரலாறு என்று ஓர் அத்தியாயம் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் உடை, இங்கிலாந்துப் பெண்களின் இறுக்கு உள்ளாடை, காந்தியின் முட்டளவு வேட்டி எல்லாம் அதில் உண்டு. 1822இல் திருவிதாங்கூரில் நடந்ததும் இருந்தது. அதன் சில வரிகள் சமூகத்தை இழிவாகக் காட்டுகின்றன என்று எதிர்ப்பு கிளம்பி, விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2016 டிசம்பரில் அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை விட்டது. 2019இல் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்கள்.

இதில் கோபப்பட்டவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. "எங்க பாட்டிமாரைப் பத்தி இப்பிடி எழுதி, எங்க பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுதீங்களே" என்பது நியாயமான வலி. அவமானமாக மட்டும் சொல்லப்பட்ட சரித்திரத்தை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். 2023 மார்ச் 6ஆம் தேதி நாகர்கோவிலில் 200ஆம் ஆண்டு விழா நடந்தது. தமிழக முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில் நின்றார்கள். நல்ல காரியம். அங்கேயும் அடிபட்ட பெண்கள்தான் நினைவுகூரப்பட்டார்கள். உடுத்திய பெண்கள் கொஞ்சம் பின்னால் நின்றார்கள்.

ஆனால் வரிசையை மாற்றிப் பாருங்கள். அடி விழும் என்று தெரிந்தும் காலையில் எழுந்து, குளித்து, குப்பாயம் போட்டு, அதற்கு மேலே சீலையை மடித்துப் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினாள் ஒருத்தி. அவள் பாவப்பட்ட பாட்டி இல்லை. ரசனை உள்ள பெண். அவளைப் பற்றிப் படிக்க எந்தப் பேத்திக்கும் வெட்கம் வராது.

இன்றைக்கும் நம்ம வீடுகளில் ஒரு பிள்ளை படம் வரைகிறேன், உடை வடிவமைப்பு படிக்கப்போகிறேன், சென்னையில் 1995 முதல் நிஃப்ட் இருக்கிறது என்று சொன்னால் பதில் தயாராக இருக்கும். "ஏட்டி, துணி தைக்கதுக்கா காலேஜுக்குப் போவா?" கொஞ்சம் நன்றாக உடுத்தி வாசலில் இறங்கினால், "என்னட்டி இம்புட்டு மினுக்கு?" படிப்பு என்றால் டாக்டர், இஞ்சினியர், நர்சு. அலங்காரம் வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு. இப்படிச் சொல்கிற வீடுகளில் பலவற்றில் அந்தப் படிப்பையே தொடங்கிவைத்தது ஒரு லேஸ் தலையணை. முதல் தலைமுறைக்குக் கையில் காசும், அடிமைக்குடியில் பிறந்த சிலருக்கு விடுதலைச் சீட்டும் கொடுத்தது பூ பின்னுகிற வேலை. மினுக்கு என்று நாம் தள்ளிவைக்கிற விஷயத்துக்காகத்தான் ஊரே எரிந்தது.

லேஸ் பின்னிய பிள்ளைகளின் பெயர்களைச் சரித்திரம் பெரிதாகப் பதிந்து வைக்கவில்லை. சொல்லிக்கொடுத்த அம்மையார்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. அவர்களுக்கு உரிய நன்றியில் குறை வைக்க வேண்டாம். ஆனால் ஒரே வரைபடத்தைப் பத்துப் பேர் பின்னினால் பத்தும் வேறு வேறாகத்தான் இருக்கும் என்று கைவேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒருத்தி நூலை இறுக்கிப் பிடிப்பாள், ஒருத்தி தளர்த்தி விடுவாள். கையெழுத்து மாதிரி அது. பெயர் போடத் தெரியாத காலத்திலும் கையெழுத்து போட்டிருக்கிறார்கள்.

நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஓணம் மட்டும் கூடவே வந்துவிட்டது. இன்றும் மாவட்டத்துக்கு அன்றைக்கு உள்ளூர் விடுமுறை. அந்த வாரம் நாகர்கோவிலில் எந்தக் கல்லூரி வாசலில் போய் நின்றாலும் பார்க்கலாம். கரைபோட்ட முண்டு, மேலே தைத்த ஜாக்கெட், அதற்கும் மேலே தோளில் நேரியது. செட் முண்டு என்று கடையில் கேட்டு வாங்குகிறார்கள். நாடார் பிள்ளை, நாயர் பிள்ளை, வெள்ளாளப் பிள்ளை, மீனவப் பிள்ளை என்று ஒரு வித்தியாசமும் இல்லை. தள்ளி வைப்பதற்காக ராஜ்ஜியம் அனுமதித்த தைத்த சட்டையை இப்போது எல்லாச் சாதிப் பெண்களும் போட்டுக்கொள்கிறார்கள். 1829இல் ஆகாது என்று விலக்கிய சீலை எல்லோர் தோளிலும் கிடக்கிறது. குப்பாயத்துக்கு மேல் சீலை. அந்தப் பெண்கள் அடிபட்டது சரியாக இந்த உடுப்புக்காகத்தான். பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டே ஒருத்தி தோளில் மடிப்பை இன்னொருத்தி நீவி விடுகிறார்கள்.